ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு டிக்ஸும் வந்தால்: அடையாளம் காண்பதில் தொடங்கி பள்ளிக்கூடம் வரை

என் மகனுக்கு 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கையை உதறுவான், சந்தோஷம் வந்தால் குதிப்பான், டிவி விளம்பரத்தை வரி மாறாமல் ஒப்பிப்பான். அதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. 7 வயதில் கண்ணை இறுக்கி இறுக்கி மூட ஆரம்பித்தான். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் அது நின்றுபோய், தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கத் தொடங்கினான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆட்டிசம்தானே, அப்படித்தான் இருக்கும்."

அது டிக்ஸ் என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் "செய்யாதே, செய்யாதே" என்று அவனை விரட்டிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் எனக்கு வலிப்பது அதுதான். வேறு பெற்றோருக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஏழு வருடமாக இதோடு வாழ்கிற அம்மா. மருந்து பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

டிக் என்றால் என்ன

திடீரென்று, சட்டென்று, திரும்பத் திரும்ப வரும் ஓர் அசைவு அல்லது சத்தம். கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்குதல், கழுத்தை வெட்டுதல் எல்லாம் அசைவு டிக்குகள். செருமல், மூக்கை உறிஞ்சுதல், "ஹும்" என்ற முனகல், கீச்சென்ற ஒலி ஆகியவை ஒலி டிக்குகள். 18 வயதுக்கு முன் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நீடித்து, பல அசைவு டிக்குகளோடு ஓர் ஒலி டிக்காவது இருந்தால் டூரெட் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1885-ல் பாரிஸில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற நரம்பியல் மருத்துவரின் பெயர் அது. அசைவு மட்டுமோ ஒலி மட்டுமோ ஒரு வருடம் தாண்டினால் நாட்பட்ட டிக். ஒரு வருடத்துக்குள் என்றால் தற்காலிக டிக் என்று வைத்துக்கொண்டு கவனித்து வருவார்கள்.

டூரெட் என்றதும் கெட்ட வார்த்தை கத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். டூரெட் உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் அது உண்டு.

ஆட்டிசத்தோடு டிக்ஸ் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. 1999-ல் லண்டனில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் 447 மாணவர்களைப் பார்த்தார்கள். டூரெட் உறுதியாகவோ அநேகமாகவோ இருந்தவர்கள் 6.5 சதவீதம். 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் ஆட்டிசம் உள்ள 105 பிள்ளைகளில் 22 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை டிக் இருந்தது. பொதுவாகப் பார்த்தால் டூரெட் நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனாலும் "எல்லாம் ஆட்டிசம்தான்" என்ற ஒற்றை வார்த்தைக்குள் இது மறைந்துபோகிறது.

முதல் படி: ஸ்டிம்மா, டிக்கா?

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தப்பினால் பிறகு செய்வது எல்லாம் தப்பாகப் போகும். கை உதறுதல், ஆடுதல், சுற்றுதல் போன்ற ஸ்டிம்மிங் பிள்ளை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. டிக் அவன் கேட்காமல் வருவது. பல நேரம் அவனுக்கே தொந்தரவானது.

தொடங்கிய வயதை முதலில் யோசித்துப் பாருங்கள். ஸ்டிம் பெரும்பாலும் 3 வயதுக்கு முன்பே வந்துவிடும், வருடக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். டிக் பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் புதிதாக முளைக்கும். கொஞ்ச நாள் கண்ணில், அப்புறம் மூக்கில், அப்புறம் தோளில் என்று இடம் மாறும். ஒரு மாதம் அடங்கியிருக்கும், அடுத்த மாதம் கொட்டும். இந்த இடம் மாறுவதும் ஏறி இறங்குவதும்தான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தடயம். அப்போது எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அடுத்தது தாளம். ஸ்டிம்முக்குத் தாளம் உண்டு. ஊஞ்சல் மாதிரி நீண்ட நேரம் ஓடும். டிக் சொடுக்குப் போட்ட மாதிரி வந்து போகும். முகத்தையும் கவனியுங்கள். கை உதறும்போது என் மகன் முகம் மலர்ந்திருக்கும், இல்லையென்றால் எதிலோ லயித்திருக்கும். கழுத்து வெட்டும்போது ஒரு சின்னச் சுளிப்பு தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலோ வேறு ஒன்றைக் காட்டினாலோ ஸ்டிம் பெரும்பாலும் நின்றுவிடும். டிக் சாப்பிடும்போதும் வரும், பேசிக்கொண்டிருக்கும்போது வார்த்தையை வெட்டிக்கொண்டும் வரும்.

டிக்குக்கு முன்னால் ஓர் உந்துதல் வருவதும் உண்டு. தும்மலுக்கு முன் மூக்கில் ஊறுகிற மாதிரி. அசைத்ததும் அது ஒரு நொடி தணியும். 8, 10 வயதுக்கு மேல் பல பிள்ளைகளால் இதைச் சொல்ல முடியும். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு உடம்புக்குள் நடப்பதை உணர்ந்து சொல்வது பெரிய வேலை. பேச்சு வராத பிள்ளையிடம் கேட்கவே வழியில்லை. என் மகன் 9 வயதில் ஒரு நாள் "கழுத்துல எறும்பு" என்றான். சட்டையைக் கழற்றி எறும்பைத் தேடினேன். இல்லை. நாலைந்து தடவை அப்படிச் சொன்ன பிறகுதான் அது உந்துதலுக்கு அவன் வைத்த பெயர் என்று விளங்கியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் எறும்பு.

சத்தங்களைப் பிரிப்பது இன்னும் கஷ்டம். கேட்ட வசனத்தைத் திரும்பச் சொல்வது ஆட்டிசத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்றைத் தெரிவிக்கும் முயற்சி. பசிக்கும்போது பிஸ்கட் விளம்பரம் வரும். ஒலி டிக்குக்கு அப்படிச் சந்தர்ப்பம் கிடையாது. அதே சின்னச் சத்தம், எந்தச் சூழலிலும் வரும். கதவை இரண்டு தடவை தொட்டால்தான் மனம் ஆறும் என்பது போல் இருந்தால் அது ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்) பக்கம் போகிறது. மூன்றும் ஒரே பிள்ளையிடம் ஒரே நாளில் இருக்கலாம். அனுபவமுள்ள மருத்துவர்களே இதில் தடுமாறுவார்கள். உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: வேறு எதுவும் இல்லையா என்று பாருங்கள்

கண் சிமிட்டலுக்கு அலர்ஜியோ பார்வைக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். மூக்கு உறிஞ்சலுக்கு மூக்கடைப்பும் இருமலுக்கு ஆஸ்துமாவும் இருக்கலாம். அதனால் ஒரு முறை கண்ணையும் காது மூக்கு தொண்டையையும் காட்டுவது வீண் அலைச்சல் இல்லை. ஒரு முறை போதும்.

வலிப்பைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அசைவின்போது நினைவு மங்கினால், பார்வை நிலைகுத்தினால், கூப்பிட்டும் தொட்டும் திரும்பாவிட்டால், கையில் இருப்பதைத் தவறவிட்டால், தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டால் உடனே காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை அப்போதுதான் தேவைப்படும். டிக் என்று கண்டுபிடிக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. பார்த்தும் கேட்டும்தான் முடிவு செய்வார்கள்.

தொண்டை வலிக் காய்ச்சல் வந்துபோன சில வாரங்களிலோ மாதங்களிலோ கை கால்கள் நெளிந்து நெளிந்து ஆடினால், கையெழுத்து கெட்டுப்போனால், மூட்டு வலி இருந்தால், அது ருமாட்டிக் காய்ச்சலோடு வரும் கொரியா என்ற அசைவு நோயாக இருக்கலாம். இதயத்தையும் பார்க்க வேண்டிய விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

மருந்தாலும் அசைவுகள் வரும். கடும் எரிச்சலுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து தொடங்கிய நாட்களில் கழுத்து முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டால், கண் மேலே செருகி நின்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதே மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வாயிலும் கையிலும் புது அசைவுகள் வருவதுண்டு. அதை டிக் கூடிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி: வீடியோவும் நோட்டும்

மருத்துவர் அறையில் போய் உட்கார்ந்ததும் டிக் வராது. எங்களுக்கு மூன்று தடவை அப்படி நடந்தது. ஆகையால் போனில் எடுத்து வையுங்கள். ஒரு நிமிடம் போதும், முகமும் தோளும் முழுதாகத் தெரிய வேண்டும், பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்தால் நல்லது. அவனுடைய ஸ்டிம்மையும் ஒரு வீடியோ எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் எங்கள் மருத்துவருக்கே தெளிவானது.

நோட்டில் தேதி, என்ன அசைவு, எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, அதற்குப் பின் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். இரண்டு மூன்று வாரம் எழுதினால் போதும். தினமும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் கண் அவன் கழுத்தைவிட்டு நகராது, அதை அவன் கவனித்துவிடுவான்.

நான்காம் படி: யாரிடம் போவது

குழந்தைகள் மனநல மருத்துவர், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவர், இவர்களில் ஒருவர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

போகும்போது ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: "கவனக்குறைவு, பதற்றம், ஓ.சி.டி., தூக்கம், இவற்றையும் பார்த்தீர்களா?" டூரெட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏ.டி.ஹெச்.டி.யோ (கவனக்குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும்) ஓ.சி.டி.யோ வேறு ஒன்றோ கூட இருக்கும். பல பிள்ளைகளுக்கு அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பது டிக்கைவிட இவைதான்.

ஐந்தாம் படி: வீட்டில் மாற்ற வேண்டியவை

மருந்துக்கும் பயிற்சிக்கும் முன்னால் வருவது இது. பல பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

டிக் வந்ததும் எதுவும் சொல்லாதீர்கள். "நிறுத்து" வேண்டாம், "பரவாயில்லை கண்ணா" என்பதும் வேண்டாம். பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல், சாதம் பிசைவதைத் தொடருங்கள். திட்டினால் பதற்றம் கூடும், பதற்றத்தில் டிக் கூடும். வீட்டுப்பாடம் செய்யும்போது டிக் வந்தால் "சரி, எழுந்துரு" என்று விடுவதும் அதைத் தெரியாமல் வளர்க்கும். நோட்டில் அந்தக் கடைசிக் கேள்வியை எழுதச் சொன்னது இதற்குத்தான். டிக் வந்தாலும் வராவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் டிக்குக்கும் வேலையிலிருந்து தப்புவதற்கும் முடிச்சு விழாது.

தூண்டுவது எது என்று தேடுங்கள். தூக்கக் குறைவு, களைப்பு, பரபரப்பு, பரீட்சை, பிறந்தநாள் மாதிரி சந்தோஷமான நாட்கள், எல்லாம் டிக்கைக் கூட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதோடு உடம்பில் படுவதும் சேரும். என் மகனின் கழுத்து டிக்கை ஏற்றியது சட்டைக் காலரின் உள்ளே இருந்த லேபிளும் பள்ளிச் சீருடையின் டையும். லேபிளை வெட்டினோம், டை கட்டாமல் வர அனுமதி வாங்கினோம். டிக் போய்விடவில்லை. ஆனால் சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று அழுவது நின்றது. மிக்சி சத்தம், டியூப்லைட் மினுக்கல், கூட்டம், திடீர் திட்ட மாற்றம் என்று உங்கள் வீட்டுக்கு வேறு பட்டியல் இருக்கும்.

பள்ளி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவனை விட்டுவிடுங்கள். பகல் முழுக்க அடக்கி அடக்கி வந்திருப்பான். கேள்வி கேட்காமல், டியூஷன் வைக்காமல், ஊஞ்சலோ தண்ணீரோ அவனுக்குப் பிடித்த ஒன்று. பிடித்த வேலையில் மூழ்கும்போது டிக் தானாகவே குறைவதைப் பார்ப்பீர்கள். என் மகனுக்கு அது கீபோர்டு.

வீட்டுப் பெரியவர்களிடமும் பேச வேண்டும். என் மாமியார் கண் பட்டிருக்கிறது என்று திருஷ்டி சுற்றிப் போட்டார். அதில் கெடுதல் இல்லை, சுற்றிப் போடட்டும் என்று விட்டேன். "அத்தை, அவன் முன்னால மட்டும் அதைப் பத்திப் பேச வேண்டாம்" என்று ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன், அவரும் கேட்டுக்கொண்டார். அடிப்பது, சூடு வைப்பது என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: பயிற்சி

டிக்குக்கு மருந்தில்லாத சிகிச்சைகளில் முதலில் வைக்கப்படுவது சி.பி.ஐ.டி. என்ற நடத்தைப் பயிற்சி. 2010-ல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையிலான 126 பிள்ளைகளிடம் 10 வாரம் செய்து பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது; ஆலோசனையும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம். ஆட்டிசமும் சேர்ந்த பிள்ளைகளிடம் கிடைத்திருக்கும் சான்று இதைவிட மிகக் குறைவு, அதையும் மனதில் வையுங்கள்.

உந்துதல் வரும்போதே அந்த டிக்கைச் செய்ய முடியாதபடி வேறு ஓர் அமைதியான செயலைச் செய்வது இதன் மையம். கழுத்து வெட்டுபவன் தாடையை லேசாக மார்புப் பக்கம் இறக்கிக் கழுத்துத் தசையை மெல்ல இறுக்கிப் பிடிப்பான். தோள் குலுக்குபவன் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வான். செருமுபவன் மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து விடுவான். உந்துதல் தணியும்வரை, சுமார் ஒரு நிமிடம். ஒரு நேரத்தில் ஒரு டிக், அதுவும் பிள்ளைக்கு மிகவும் தொந்தரவாக இருப்பது மட்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைப் படமாக்கித் தர வேண்டும். நாங்கள் எறும்பு படம் வரைந்து, பக்கத்தில் தாடை இறக்கும் பையன் படம் வரைந்து சுவரில் ஒட்டினோம். அமர்வுகள் 15, 20 நிமிடத்துக்கு மேல் போகவில்லை. உந்துதலை உணர முடியாத பிள்ளைக்கு, பேச்சு குறைவான பிள்ளைக்கு, இந்தப் பகுதியை வற்புறுத்தாமல் ஐந்தாம் படியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். முக்கியமாக, பயிற்சி தருபவர் ஸ்டிம்மையும் சேர்த்து அடக்கப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு தெரபி மையத்தில் "கையை மடியில் வை" என்று என் மகனை மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். அவனுக்கு இருந்த ஒரே வடிகாலும் அடைபட்டது. டிக் இரண்டு மடங்கானது. அங்கே போவதை நிறுத்தினோம்.

ஏழாம் படி: மருந்து எப்போது

டிக் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து வேண்டாம். வலி, காயம், தூக்கம் கெடுதல், படிக்கவோ சாப்பிடவோ முடியாமை, பிள்ளைக்கே தாங்க முடியாத சங்கடம், இவற்றில் ஒன்று இருந்தால் பேசலாம். முழுக்க நிற்காது, குறையும்; இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் தேவையில்லாமல் டோஸ் ஏறாது.

குளோனிடின் பல நேரம் முதலில் யோசிக்கப்படுவது, கூடவே ஏ.டி.ஹெச்.டி. இருந்தால் அதற்கும் உதவும். தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறக்கவே கூடாது. அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் இரண்டும் ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கும் தரப்படுபவை. டூரெட்டுக்கு அரிபிப்ரசோலை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-ல் அனுமதித்தது. பசியும் எடையும் கூடும். தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு அளவுகளைக் குறித்துக்கொண்டு அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால் அது சேட்டை என்று நினைக்காதீர்கள். இந்த மருந்துகள் தரும் உள் தவிப்பாக இருக்கலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, நடை தள்ளாடுகிறதா, வழக்கத்தைவிட அதிகமாகப் படுக்கிறானா என்று நாம்தான் பார்க்க வேண்டும். சின்ன அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது, இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

எட்டாம் படி: பள்ளிக்கூடம்

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, ஒரே பக்கத்தில் எழுதிய தாளைக் கொடுங்கள். இது வேண்டுமென்றே செய்வது இல்லை, தொற்றாது, கண்டுகொள்ளாமல் இருப்பதே உதவி. இந்த மூன்றும் பெரிய எழுத்தில். முதல் பெஞ்சு வேண்டாம் என்று கேளுங்கள். நல்ல எண்ணத்தில் அங்கே உட்கார வைப்பார்கள். பின்னால் இருக்கும் 40 கண்களும் அவன் கழுத்தில் இருக்கும். சுவரோரம், கதவுப் பக்கம் நல்லது. கேட்காமலே 5 நிமிடம் வெளியே போய்வர ஒரு அட்டை. கண் டிக் இருந்தால் படிக்கும்போது வரி தவறும், ஸ்கேல் வைத்துப் படிக்க விடச் சொல்லுங்கள்.

பரீட்சைச் சலுகைக்கு வழி இது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, டூரெட் தனியாக இல்லை. எனவே ஆட்டிசச் சான்றிதழையும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் வைத்துக் கூடுதல் நேரம், எழுதித் தருபவர், தனி அறை ஆகியவற்றைக் கேளுங்கள்; டிக் பற்றிய மருத்துவர் கடிதத்தையும் இணையுங்கள். தேர்வு எழுதக் கூடுதல் நேரமும் எழுத்தர் வசதியும் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

வளரும் வயதில்

டிக் பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதின் பிற்பகுதியில் பெரும்பாலோருக்குக் குறைகிறது. சிலருக்குத் தொடரும். ஆட்டிசம் தொடரும், டிக் குறையலாம் என்று பிரித்துப் புரிந்துகொள்வது எங்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஆனால் டிக் இறங்கும் அதே வயதில் பதற்றமும் ஓ.சி.டி.யும் ஏறலாம். பள்ளிக்குப் போக மறுத்தால், பிடித்ததை எல்லாம் விட்டுவிட்டால், டிக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்புங்கள்.

பத்துப் பதினைந்து நாட்களுக்குள் திடீரென்று பெரிய பெரிய அசைவுகளும் முழு வாக்கியங்களுமாக வெடித்தால், அது வழக்கமான டிக் இல்லாமல் டிக் போன்ற செயல்பாட்டுக் கோளாறாக (மூளையில் சேதம் இல்லாமல் அது இயங்கும் விதத்தில் வரும் கோளாறு) இருக்கலாம். கொரோனா காலத்தில் பல நாடுகளில் பதின்ம வயதினரிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், இது அதிகம் காணப்பட்டது. நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். சிகிச்சை வேறு, அவ்வளவுதான். கழுத்தைப் பலமாக வெட்டுகிற பிள்ளைக்குக் கை கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

என் மகனுக்கு இப்போது 14. செருமல் இன்னும் இருக்கிறது, கழுத்து பெரும்பாலும் அடங்கிவிட்டது. டவுன் பஸ்ஸில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்த நாளில், வீட்டுக்கு வந்து அவனே ஒரு சின்ன அட்டை எழுதினான்: "எனக்கு டிக்ஸ் இருக்கு. இந்தச் சத்தம் நான் வேணும்னு செய்யல. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." லேமினேட் செய்து பையின் முன் ஜிப்பில் வைத்திருக்கிறான். எப்போது எடுத்துக் காட்டுவது என்பதை அவனிடமே விட்டிருக்கிறோம். இதுவரை இரண்டு முறை காட்டியிருக்கிறான்.